ஓனா திரும்பிப் போகவில்லை

1

நேற்று காரைக்காலில் மாம்பழம் இறைத்தார்கள். மாடிகளிலிருந்து கூடை கூடையாகப் பழங்கள் விழ, கீழே ஊரே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் தங்கை செல்வி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எனக்குப் பாரிஸ் புறநகரில் ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. தட்டு கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளிநாட்டில் இருப்பவள் இந்த இடத்தில் கண்கலங்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும், எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தத் திருவிழாவின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வணிகன். மனைவிக்குக் கொடுத்தனுப்பிய மாம்பழத்தை அவள் பசியோடு வந்த அடியார் ஒருவருக்கு இட்டுவிட்டாள். அவன் கேட்டபோது இன்னொரு பழம் எங்கிருந்தோ அவள் கைக்கு வந்தது. அதைப் பார்த்துப் பயந்து கப்பலேறி ஓடிப்போனான். போன இடத்தில் வேறொருத்தியைக் கட்டிக் குழந்தையும் பெற்றுக்கொண்டான். உறவுக்காரர்கள் இவளைப் பல்லக்கில் வைத்து அவனிடமே கொண்டுபோய் இறக்கினார்கள். அவன் புதுக் குடும்பத்தோடு இவள் காலில் விழுந்தான். 'இவனுக்காகச் சுமந்த சதை இனி எதற்கு' என்று அதை உதறிவிட்டு, எலும்புருவமாக நடந்தாள் அவள்.

கல்யாணம், அவனுடைய மறுகல்யாணம் எல்லாவற்றையும் வருஷா வருஷம் நடத்திக் காட்டிக் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், புருஷன் விட்டுப்போன பெண்களுக்குப் புத்தி சொல்கிறோம்.

செல்வியின் மாமியார் அவளை ஒவ்வொரு திருவிழாவுக்கும் இழுத்துக்கொண்டு போவார். விழும் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. செல்வியின் புருஷன் மோகன் ஆறு வருஷமாகப் பிரான்ஸில் இருக்கிறான். புருஷன் எங்கே என்று அந்த மாம்பழத்திடம் யாரும் கேட்டதில்லை.

2

மோகன் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். அக்காளும் தங்கையும் ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டோம். அவரும் நானும் இங்கே வந்து பல வருஷம் கழித்து, கல்யாணமான மூன்றாம் மாதம் மோகன் வந்தான். நாங்கள் பழைய பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் பரம்பரை இல்லை. காரைக்கால் பக்கம் போலகத்தில் நெல் விதைக்கிற குடும்பம். இங்கே எங்கள் எல்லோருக்கும் தங்கியிருக்க அரசாங்கம் தரும் வதிவிட அட்டைதான். ஆனாலும் காரைக்காலில் 'பிரான்ஸ் மாப்பிள்ளை' என்றால் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

போலகத்தில் இருக்கும் செல்வி, கீழவாஞ்சூர் துறைமுகத்துப் பக்கம் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்க்கிறாள். நிலக்கரி லாரி ஏறும், எடை போடுவாள், சீட்டு கிழித்துக் கொடுப்பாள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மோகனை எப்போது கேட்டாலும் 'பேப்பர் இன்னும் வரலை' என்பான். வராத அந்தப் பேப்பருக்குள், பக்கத்து நகரத்தில் ஒரு பெண்ணும் அவளிடம் அவனுக்கு ஒரு மகனும் இருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியவரவே நாலு வருஷம் ஆயிற்று.

அந்த நாட்களில்தான் தொலைக்காட்சித் தொடர் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு இலவச விளம்பரம் எதற்கு. வேறொரு சூரியன், அதைச் சுற்றும் ஒரு துறைமுக நிலா, அங்கிருந்து புறப்படும் விண்வெளிக் கப்பல்கள். கப்பலில் போகிறவனுக்குச் சில மாதங்கள், கரையில் இருப்பவளுக்குப் பல வருஷங்கள். அதனால் மாலுமிகளின் மனைவிகளுக்குத் துறைமுக நிர்வாகம் ஒரு செயற்கைத் தோல் போர்த்திவிடும். அது கிழடு தட்டாது. அவன் எப்போது வந்தாலும் விட்டுப்போன அன்று இருந்த மாதிரியே நிற்பாள். அப்படி நிற்கிறவள் ஓனா. கப்பல்களுக்குக் கரையிலிருந்து வழிவிடும் வேலை அவளுக்கு.

செல்வி அதைத் தமிழ்க் குரலில் பார்த்தாள். நான் பிரெஞ்சுக் குரலில் பார்த்தேன். என் மகள் நிலா பதினைந்து வயதுக்காரி, அசல் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் செல்வியும் நானும் பேசுவது முக்கால்வாசி ஓனாவைப் பற்றித்தான். மோகனைப் பற்றிப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

"எடைமேடையில ஒக்காந்து லாரி பாக்குறேன், அவ கப்பல் பாக்குறா. சம்பளம்தான் அவளுக்கு ஜாஸ்தி போல" என்பாள் செல்வி.

3

தொடரின் கடைசிப் பகுதி ஜனவரியில் வந்தது. ஓனா கப்பலேறிப் புருஷனைத் தேடிப் போகிறாள். அவனுக்கு அங்கே இன்னொரு மனைவி, ஒரு பெண் குழந்தை. இரண்டாம் மனைவி வசதியாக ஒரு விபத்தில் செத்துப்போகிறாள். ஓனாவின் கன்னம் அப்போதும் பளபளவென்று இருக்கிறது. அவன் அழுகிறான், இவள் மன்னிக்கிறாள், குழந்தை 'அம்மா' என்று ஓடிவருகிறது, வயலின் வாசிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலா, "நல்லாத்தானே முடிச்சிருக்காங்க" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதே மாதம் மோகனை அந்தப் பெண் வீட்டைவிட்டுத் துரத்தினாள். துரத்தின மறுவாரமே அவனுக்குச் செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது. குடும்பத்தை அழைத்துவர மனுப் போடப் போகிறேன் என்று எங்கள் வீட்டுச் சோபாவில் வந்து உட்கார்ந்தான். அந்த மனு என்னவெல்லாம் கேட்கும் தெரியுமா? வீடு எத்தனை சதுர மீட்டர், சன்னல் திறக்கிறதா, வெந்நீர் வருகிறதா, சம்பளம் எவ்வளவு. ஆறு வருஷம் எங்கேயடா இருந்தாய் என்று ஒரு வரி கிடையாது. வெந்நீர் வந்தால் போதும், மனைவியை அனுப்பிவைப்பார்கள்.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "ஏண்டி, அந்தத் தொடர்ல பாத்தியல்ல, அவளே மன்னிச்சு ஏத்துக்கிட்டா. வெள்ளைக்காரியே போறா. இவளுக்கு என்ன வந்துச்சாம்? நீ எடுத்துச் சொன்னா கேப்பா. கல்லானாலும் கணவன்னு சும்மாவா சொன்னாங்க."

"கல்லுன்னா ஒரு எடத்துல இருக்கும்மா" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "நீதான் அவகிட்ட பேசணும். ஒனக்கும் தங்கச்சி பக்கத்துல இருந்த மாதிரி ஆச்சு" என்றார். எனக்கு ஆசைகாட்டுகிறார். தங்கை பக்கத்தில் வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஊரில் என் பாஷையில் என்னோடு சண்டைபோடக்கூட ஆளில்லை. அந்த ஆசையைத் தொட்டுக் கேட்டார் பாருங்கள், அதற்கு வந்த கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி கூப்பிட்டாள். மோகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அக்கா, அவ ஏன்க்கா திரும்பிப் போனா?"

"யாரு?"

"ஓனாதான். அவ அப்படிப் போற ஆளே இல்லையே. கதை புஸ்தகமா வந்ததுதானாமே. புஸ்தகத்துலயும் இப்படித்தானா? ஒனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, பாத்துச் சொல்லேன்."

4

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று ஊரில் சொல்லிவைத்திருப்பது நானல்ல, அம்மா. எனக்குத் தெரிந்தது சமையல்கட்டுப் பிரெஞ்சு. கேரட், கொதிநீர், சீக்கிரம், தரை ஈரம். அலுவலகங்களில் எனக்கு இரண்டு வாக்கியம் வரும், மூன்றாவதற்கு நிலாவைக் கூப்பிடுவேன். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே மொழிபெயர்ப்பாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து பல வேலைகளைச் செய்யாமலே விட்டிருக்கிறேன்.

இந்த முறை அவளைக் கூப்பிடவில்லை. நகராட்சி நூலகத்துக்குத் தனியாகப் போனேன். தொடரின் பெயரைச் சொல்லி நாவல் வேண்டும் என்றேன். அங்கிருந்த அம்மாள் நல்லவர்தான், என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, புதிதாக மொழி கற்பவர்களுக்கான அலமாரிக்கு அழைத்துப் போய் மெல்லிய புத்தகம் ஒன்றைக் கையில் வைத்தார். அட்டையில் பூனைக்குட்டி. நான் கேட்டது விண்வெளி.

"இதில் கப்பல் இல்லை" என்றேன்.

"அது ரொம்பப் பெரிய புத்தகம், மேடம். தொடரைப் பார்த்தீர்கள் அல்லவா, கதை அதேதான்."

"அதே கதைதானா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்."

இந்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு இலக்கணம் சரியாக வருகிறது என்று அன்று கண்டுகொண்டேன். மூன்று புத்தக வரிசையில் முதல் இரண்டும் இருந்தன. இரண்டும் செங்கல் கனம்.

காலை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். புரியாத சொல்லுக்குக் கைப்பேசியைத் தட்டுவேன். முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு ரயில் நிலையம் ஆயிற்று. போகப் போக அகராதியை விட்டுவிட்டேன், ஓனாவைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் எல்லாம் தீய்ந்தது. நிலா ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "நிஜமாவே படிக்கிறியா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு. நான் தலையைத் தூக்கவில்லை.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, தொடர்க்காரர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் ஓனா எந்நேரமும் சன்னலோரம் நின்று வானத்தைப் பார்ப்பாள். புத்தகத்தில் அவளுக்குச் சன்னலோரம் நிற்க நேரமே இல்லை. வேலை செய்கிறாள், நிர்வாகத்தோடு சண்டை போடுகிறாள், நன்றாகக் கெட்ட வார்த்தை பேசுகிறாள். அந்தத் தோல் அரிக்கும் என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பசியை அடக்கிவிடும், தொட்டால் தொட்டது தெரியாது. தொலைக்காட்சியில் அது அரிக்கவே இல்லை, மினுக்கியது மட்டும்தான்.

5

இரண்டாம் புத்தகத்தின் முடிவை ஒரு வெள்ளிக்கிழமை காலை ரயிலில் படித்தேன். இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கினேன்.

புத்தகத்தில் இரண்டாம் மனைவி சாகவில்லை. உயிரோடு, களைத்துப்போய், கதவைத் திறக்கிறாள். அவள்மேல் ஓனாவுக்குக் கோபமே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். புருஷன் வருகிறான், முழங்காலில் விழுகிறான், 'நீ அப்படியே இருக்கிறாய்' என்கிறான். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். ஓனா அங்கேயே, அவன் கண்முன்னால், தோலைக் கழற்றிப் போடுகிறாள். உள்ளே கிழவி. காத்திருந்த வருஷங்கள் எல்லாம் எலும்பும் சுருக்கமுமாய் நிற்கின்றன. அவன் வீறிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். இவள் தெருவில் இறங்கி நடக்கிறாள்.

நான் ரயிலில் சத்தமாக, "அடி பாவி, இது எங்க ஊர்க் கதைடி" என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

எழுதினவர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எங்கேயோ பனிக்குள் உட்கார்ந்து அவராகவே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவரை மதிக்கிறேன். ஆனால் அதை எடுத்துப் படமாக்கினவர்கள் தோலை மறுபடியும் போர்த்தி, அவளை மறுபடியும் அவனிடமே விட்டுவிட்டார்கள். சுருக்கம் விழுந்த பெண்ணை யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோன உறவுக்காரர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் கையில் கேமரா இருக்கிறது. எங்கள் வீட்டில் மனு இருக்கிறது.

உணவு இடைவேளையில் செல்வியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் லாரிகளின் ஹாரன்.

"கழட்டும்போது வலிச்சுதாக்கா?"

"வலிச்சுதுன்னுதான் போட்டிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பசிச்சுதாம். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பசி. நேரா தொறமுகத்துக்கு வந்து ஒக்காந்து சாப்புடுறா. புள்ளைங்கல்லாம் பயந்து பாக்குதுங்க, இவ தட்டைக் காட்டி இன்னும் கொஞ்சம் வைங்கன்னு கேக்குறா."

செல்வி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை எல்லாரும் பேசப்போறாங்களாம்" என்றாள்.

"தெரியும். இங்கதான் வர்றான்."

"நீ என்ன சொல்லப்போற?"

"ஒன்ன அனுப்பச் சொல்லி நான் சொல்லமாட்டேன், செல்வி. நீயா வரேன்னா வா. அது வேற."

"சரிக்கா, லாரி நிக்குது" என்று வைத்துவிட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை மோகன் ஒரு கேக் பெட்டியோடு வந்தான். உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான். மனு கூடவே வந்திருந்தது. சாப்பாட்டுக்கு நடுவிலேயே என் வீட்டுக்காரர் போனை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். போலகத்தில் அம்மாவும் மாமியாரும் செல்வியைச் சுற்றி உட்கார்ந்திருப்பது குரல்களில் தெரிந்தது.

"செல்வி, நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தான் மோகன்.

"சொல்லுங்க."

"நான் தப்பு பண்ணிட்டேன். பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்புனா போதும், கெளம்பி வந்துடலாம்."

"அந்தப் பையனுக்கு என்ன வயசுங்க?"

மோகன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தட்டைப் பார்த்தார்.

"நாலு முடிஞ்சிருக்கும்."

"அவனப் போயி பாக்குறீங்களா?"

"அவ விடமாட்டேங்குறா..."

"கேட்டுப் பாத்தீங்களா?"

மோகன் மனுத்தாளை நீவிவிட்டான்.

"மொதல்ல அந்தப் புள்ளையப் போயி பாருங்க. இவ்வளவு நாளா எனக்குத்தான் வரேன் வரேன்னு சொன்னீங்க. இனிமே அதுக்கும் அப்படியே சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நான் வரலைங்க."

அம்மா அழ ஆரம்பித்தார். மாமியாரின் குரல் கிளம்பியது. "இதெல்லாம் எவ சொல்லிக்குடுத்தது? அங்க இருக்காளே, அவதானே?"

"நான்தான் சொன்னேன்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று மேலேயும் சொன்னேன். "அவ இங்க வரவேணாம். இவருக்குச் சமைக்க ஆள் வேணும்னா எங்க பள்ளிக்கூடத்துல கத்துக்குடுக்கச் சொல்றேன்."

"யாரும் சொல்லிக்குடுக்கலை அத்தை" என்றது செல்வியின் குரல். "நான் பொங்கலுக்கே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு. வைக்கிறேன்."

போன் அணைந்தது. மோகன் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"அண்ணி, கொஞ்சம் ரசம்."

ஆறு வருஷம் ஒருத்தியை நிறுத்திவைத்தவன், அவள் வேண்டாம் என்று சொன்ன கையோடு ரசம் கேட்கிறான். அவனுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருத்தம் ஒரு பக்கம், பெண்பிள்ளை எழுந்து ஊற்றுவது ஒரு பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது அவனுக்கு. என் வீட்டுக்காரரும் நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. நிலாதான் அடுப்படியைக் காட்டினாள். "கரண்டி சட்டியிலயே இருக்கு சித்தப்பா. ஊத்திக்குங்க."

அவன் ரசம் இல்லாமலே சாப்பிட்டு எழுந்தான்.

7

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் அவரோடு பேசவில்லை, ஆகவே அது தண்டனையா விடுமுறையா என்று எங்களில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அம்மா விடாமல் தெரிவித்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தைக் கெடுத்தவளாம். நல்லது. ஏற்கெனவே கெட்டிருந்ததை யார் கெடுத்தது என்று ஒருவராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இன்னொரு கோபமும் இருந்தது, அது செல்வியின் மேல். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டேவிட்டேன்.

"பொங்கலுக்கே முடிவு பண்ணிட்டேங்கிற. அப்புறம் எதுக்குடி என்ன அந்தத் தடிப் புஸ்தகத்தப் படிக்க வச்ச? ரயில்ல நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிப்போச்சு."

"எல்லாரும் போ போங்குறாங்க. அந்தத் தொடர்லகூட அவளப் போகச் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுது, எனக்குத்தான் புத்தி கோணலாயிருக்குன்னு பயமா இருந்துச்சுக்கா. போகாதவ ஒருத்தி எங்கயாச்சும் இருக்காளான்னு பாக்கணும்போல இருந்துச்சு."

நூலகத்து அம்மாள், தொடர் எடுத்தவர்கள், அம்மா, மாமியார், என் வீட்டுக்காரர், எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துத் திட்டவேண்டும் போல இருந்தது. ஒரு பெண் தன் புத்தி நேராகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் ஆளனுப்ப வேண்டியிருக்கிறது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"மூணாவது புஸ்தகம் ஒண்ணு இருக்குன்னியே."

"இருக்கு. யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. வந்ததும் சொல்றேன்னாங்க. தனியா வந்ததுக்கு அப்புறம் அவ என்ன பண்றாங்கிறதுதான் அதுல முழுக்கவாம். படிச்சுட்டு ஒனக்குச் சொல்றேன்."

"நீ ஒனக்காகப் படி அக்கா. எனக்குச் சொல்லவேணாம்" என்றாள் செல்வி. "அத நானே பாத்துக்குறேன்."